அக்கா மகன் உள்ளே, பெற்ற மகன் வெளியே: கோப்பு அனுமதிகளின் கதை

கம்ப்யூட்டர் லேபில் பொது ஃபோல்டரில் கிடக்கும் ஒரு கோப்பு யாருக்காவது திறக்கவில்லை என்றால், நம்மூரில் சீனியர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். "லே மக்கா, 777 போட்டு விடுலே, செரியாயிரும்." போட்டால் உண்மையிலேயே சரியாகிவிடும். அதுதான் பிரச்சினையே :-)

இந்த மூன்று ஏழுகளும் எங்கிருந்து வந்தன என்று தேடப் போனேன். தேடல் அமெரிக்காவில் ஆரம்பித்து, நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியில் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் கன்னியாகுமரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்விடக்கூடிய கூடங்குளத்தில் போய் நின்றது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், தெரியாதவர்களுக்காக. யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு. உடையவர், அவருடைய குழு, மற்ற எல்லோரும். ஒவ்வொரு வகைக்கும் மூன்று அனுமதிகள். படிக்கலாம் என்றால் 4, எழுதலாம் என்றால் 2, இயக்கலாம் என்றால் 1. மூன்றும் சேர்ந்தால் 7. ஆக 777 என்றால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று பொருள். வீட்டுக் கதவு ஒட்டுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது மாதிரி.

ஒரு கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வழக்கம் 1960களில்தான் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961-ல் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செய்து காட்டினார்கள். ஒரு பெரிய ஐ.பி.எம். இயந்திரம், அதோடு இணைந்த தட்டச்சு முனையங்கள், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. பலர் ஒரே இயந்திரத்தில் கோப்பு வைத்துக்கொள்ளத் தொடங்கியதுமே "என்னுடையதை நீ எப்படித் தொடலாம்" என்ற கேள்வியும் வந்துவிட்டது.

1966-ல் அங்கே நடந்த ஒரு கூத்தை கார்பட்டோவே பின்னாளில், 1990-ம் ஆண்டுக்கான ட்யூரிங் விருது உரையில் சொல்லியிருக்கிறார். அமைப்பை நிர்வகிக்கும் ஆட்கள் எல்லோரும் ஒரே பொது அடைவைப் பயன்படுத்தினார்கள். கோப்புகளைத் திருத்தும் எடிட்டரோ, ஒரு அடைவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதப்பட்டது. ஆகவே அது உருவாக்கும் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு நாள் ஒரு நிர்வாகி எல்லோருடைய பாஸ்வேர்டும் இருக்கும் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரம் இன்னொருவர், உள்ளே நுழைபவர்களுக்குக் காட்டப்படும் "இன்றைய அறிவிப்பு" கோப்பைத் திருத்தினார். இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதன்பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக அச்சாகி வந்தது!

இதில் ஹேக்கர் யாரும் இல்லை. யாரும் அனுமதியை மீறவும் இல்லை. இரண்டு பேரும் தங்களுக்கு உரிமை உள்ள இடத்தில், உரிமை உள்ள வேலையைத்தான் செய்தார்கள். பொது ஃபோல்டரில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இன்றும் இந்த ரகம்தான்.

சி.டி.எஸ்.எஸ்.ஸுக்கு அடுத்து எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூவரும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான அமைப்பைத் திட்டமிட்டார்கள். அதில் ஒவ்வொரு கோப்போடும் ஒரு பட்டியல் இருக்கும். இன்னாருக்குப் படிக்க, இன்னாருக்கு எழுத, இன்னாருக்கு எதுவுமே கிடையாது என்று ஆள் ஆளாக எழுதி வைக்கலாம். இதைத்தான் இன்று அணுகல் பட்டியல் என்கிறோம். நல்ல யோசனை. ஆனால் மல்டிக்ஸ் இழுத்துக்கொண்டே போனதில் பெல் ஆய்வகம் 1969-ல் விலகிக்கொண்டது. விலகி வந்தவர்களில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சின்னதாக ஒன்று எழுதினார்கள். அதுதான் யுனிக்ஸ்.

1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டில் குழு என்ற பேச்சே கிடையாது. உடையவர், உடையவர் அல்லாதவர், அவ்வளவுதான். அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் புரியும். பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்கள், கூடவே இந்த ஆய்வாளர்கள். ஒருவரை ஒருவர் முகம் தெரிந்தவர்கள். யாராவது கோப்பை அழித்துவிட்டால் வராந்தாவில் நடந்து போய்ச் சண்டை போடலாம். தாம்சனும் ரிட்சியும் 1974-ல் வெளியிட்ட பிரபலமான கட்டுரையிலும் ஒரு கோப்புக்கு ஏழே ஏழு அனுமதி பிட்டுகள்தான். அதே கட்டுரை திருத்தப்பட்டு 1978-ல் மறுபடி வந்தபோது அது பத்தாகியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் குழு வந்துவிட்டது.

ஏழாவது பிட் என்ன என்று கேட்பீர்கள். அது ரிட்சியின் பெயரில் 1979-ல் காப்புரிமை பெற்றது. ஒரு நிரலை யார் இயக்கினாலும், அது இயக்கியவரின் உரிமையோடு ஓடாமல் நிரலின் உடையவருடைய உரிமையோடு ஓடும். மூ என்று ஓர் எண் விளையாட்டு இருந்தது. அதன் மதிப்பெண் கோப்பை ஆட்டக்காரர்கள் நேரடியாகத் தொடக்கூடாது, ஆனால் விளையாட்டு தொடவேண்டும். அந்தச் சிக்கலுக்கு இது தீர்வு என்று 1974 கட்டுரையிலேயே சொல்கிறார்கள். நாம் இன்று பாஸ்வேர்டு மாற்றும்போது வேலை செய்வதும் இதே யோசனைதான்.

இப்போது குழுவுக்கு வருவோம். எனக்கு இந்த இடத்தில்தான் நம் ஊர் ஞாபகம் வந்தது.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் ஒரு காலத்தில் மருமக்கள் வழி இருந்தது தெரிந்திருக்கும். சொத்து தறவாட்டுக்குச் சொந்தம். மூத்த ஆணான காரணவர் அதை நிர்வகிப்பார். அவருக்குப் பின் அது போவது அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. அவர் பெற்ற பிள்ளைகள் தங்கள் அம்மாவுடைய தறவாட்டைச் சேர்ந்தவர்கள். யுனிக்ஸ் பாஷையில் சொன்னால் காரணவர் உடையவர், அக்கா மகன் குழு, பெற்ற மகன் "மற்றவர்". ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தாலும் அனுமதிப் பலகையில் அவன் வெளியாள்! கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியது இந்த முறை வீட்டுக்குள் உண்டாக்கிய அவலத்தைக் கேலி செய்துதான்.

ஒப்பீடு வெறும் தமாஷுக்காக இல்லை. ஆரம்பகால யுனிக்ஸில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழுவில்தான் இருக்க முடியும். இன்னொரு குழுவின் கோப்பைத் தொடவேண்டும் என்றால் ஒரு கட்டளை கொடுத்து இந்தக் குழுவிலிருந்து வெளியேறி அந்தக் குழுவுக்குள் போகவேண்டும். பிறந்த தறவாடு ஒன்றுதான் என்பது மாதிரி. நிஜ வாழ்க்கை அப்படி இல்லையே. ஒரே ஆசிரியர் தேர்வுக் குழுவிலும் இருப்பார், நூலகக் குழுவிலும் இருப்பார். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. 1983-ல் ஒருவர் ஒரே சமயத்தில் பல குழுக்களில் இருக்க வழி செய்தது.

நாஞ்சில் நாட்டிலும் நெகிழ்வு இருந்தது. பெற்ற பிள்ளைகளுக்கென்று சொத்தில் ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கத்துக்கு உகந்துடைமை என்று பெயர். மூன்று வகைக்குள் அடங்காத ஓர் ஆளுக்குத் தனியாக ஒரு வரி சேர்ப்பதுதானே இது? மல்டிக்ஸின் அணுகல் பட்டியலும் அதைத்தான் செய்தது. பிறகு திருவிதாங்கூர் அரசு 1926-ல், கொல்லம் ஆண்டு 1101-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்து முறையையே மாற்றியது. யுனிக்ஸ் உலகத்தில் அப்படி ஒரு சட்டம் எளிதில் வரவில்லை. அணுகல் பட்டியலை எல்லா யுனிக்ஸுக்கும் பொதுத் தரமாக்க எழுதிய வரைவு ஒப்புதல் பெறாமலே 1990களின் கடைசியில் கைவிடப்பட்டது. கைவிட்ட வரைவை வைத்துக்கொண்டே லினக்ஸ்காரர்கள் 2.6 கெர்னலில், 2003 வாக்கில், அதைச் சேர்த்துவிட்டார்கள்.

சரி, இப்போது பலருக்குத் தெரியாத ஒரு பொறி. நீங்கள் ஒரு கோப்பை உருவாக்கி, யாரும் எழுத முடியாதபடி பூட்டி, பொது ஃபோல்டரில் வைக்கிறீர்கள். நண்பன் அதை அழிக்க முடியுமா? முடியும். ஏனென்றால் யுனிக்ஸில் அழிப்பது என்பது கோப்பைத் தொடும் வேலை இல்லை. ஃபோல்டர் என்பது ஒரு பதிவேடு. அழிப்பது என்றால் அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. பதிவேட்டில் எழுத உரிமை இருக்கிறவன் யார் பெயரை வேண்டுமானாலும் அடிக்கலாம். நோட்டுப் புத்தகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அதை வைத்த அலமாரியைத் திறந்து போட்ட கதை.

இதற்கு மருந்து 1986-ல் 4.3 பி.எஸ்.டி.யில் வந்தது. வேறொரு வேலைக்காக இருந்த ஒட்டுப் பிட் என்ற பழைய பிட்டை எடுத்து ஃபோல்டர்களுக்குப் புது அர்த்தம் கொடுத்தார்கள். அந்தப் பிட் இருந்தால், எல்லோரும் எழுதலாம், ஆனால் ஒரு பெயரை அடிக்க அதன் உடையவரோ ஃபோல்டரின் உடையவரோதான் வரவேண்டும். (நிர்வாகியை யார் தடுப்பது, அவர் எதையும் செய்வார்.) தற்காலிகக் கோப்புகளுக்கான ஃபோல்டரில் 1777 என்று நான்கு இலக்கம் தெரிவது இதனால்தான்.

777 போடும் பழக்கம் ஏன் வருகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, சோம்பல் மட்டும் இல்லை. பெரும்பாலான கணினிகளில் புதுக் கோப்பு உருவாகும்போது உடையவருக்கு மட்டுமே எழுதும் உரிமை கிடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அதோடு கோப்பின் குழுவாக உருவாக்கியவரின் சொந்தக் குழு போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக நான்கு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட் ஃபோல்டரில் ஒருவர் சேமித்ததை மற்ற மூவரும் திருத்த முடியாது. ஃபோல்டரின் குழுவே உள்ளே பிறக்கும் கோப்புகளுக்கும் வரும்படி ஒரு பிட்டை வைத்து, குழுவுக்கு எழுதும் உரிமை இயல்பாகக் கிடைக்கும்படி ஓர் எண்ணை 022-லிருந்து 002-ஆக மாற்றினால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் 777.

இதுவரை பார்த்தது எல்லாம் ஒரே இயந்திரத்துக்குள். கோப்பு ஒரு இடத்திலும் ஆள் வேறு இடத்திலும் இருந்தால்?

சன் நிறுவனம் 1984-ல் என்.எஃப்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. சர்வரில் இருக்கும் ஃபோல்டர் உங்கள் கணினியிலேயே இருப்பதுபோலத் தெரியும். அற்புதமான விஷயம். ஆனால் அனுமதி எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? யுனிக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு எண் உண்டு. உங்கள் கணினி சர்வரிடம் "நான் 1001-ம் எண்காரர் சார்பில் வந்திருக்கிறேன்" என்று சொல்லும். சர்வர் அதை அப்படியே நம்பும். அடையாள அட்டை எல்லாம் கேட்காது!

அனுமதி என்பதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த ஆள் என்ன செய்யலாம் என்பது ஒன்று. இவர் அந்த ஆள்தானா என்பது இன்னொன்று. 777, 644, 750 என்று நாம் போடும் எண்கள் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். இரண்டாவது கேள்விக்குப் பெல் ஆய்வகத்தில் அந்த ஒரு இயந்திரமும், அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த தெரிந்த முகங்களும் பதிலாக இருந்தன. கம்பி நீண்டபோது எண்கள் கம்பி வழியாகப் போய்விட்டன. முகங்கள் போகவில்லை.

1984-ல் இது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, ஏனென்றால் அலுவலகத்தின் எல்லா யுனிக்ஸ் கணினிகளும் நிர்வாகியின் கையில் இருந்தன. ஆளாளுக்குத் தன் கணினிக்குத் தானே நிர்வாகி என்று ஆனபோது, யார் வேண்டுமானாலும் தன் கணினியில் 1001 என்று ஒரு பயனரை உருவாக்கி இன்னொருவராக நுழையலாம் என்றாயிற்று. நிர்வாகி எண்ணோடு வந்தால் மட்டும் அவரை "யாருமில்லாதவர்" ஆக்கிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. மற்ற எண்களை அது தடுக்காது. இன்னொரு வேடிக்கை, அந்தப் பழைய முறையில் ஒருவரின் குழுக்களில் 16 வரைதான் கம்பியில் அனுப்ப இடம் இருந்தது. 17-வது குழு வழியாக உரிமை பெற்றவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த அடையாளச் சிக்கலுக்கு எம்.ஐ.டி.யில் பிறந்த கெர்பரோஸ் முறை தீர்வு தந்தது. பயனர் முதலில் ஒரு தனி சர்வரிடம் தன்னை நிரூபித்துச் சீட்டு வாங்க வேண்டும், அந்தச் சீட்டைத்தான் கோப்பு சர்வர் பார்க்கும். நல்ல முறை, ஆனால் நிறுவுவதற்குள் மூச்சு வாங்கும்.

நம் நாட்டில் 1990களின் பயிற்சி மையங்களில் என்.எஃப்.எஸ்.ஸைவிட அதிகம் ஓடியது நாவெல் நெட்வேர். அதன் 3.x பதிப்புகளில் படிக்க, எழுத, உருவாக்க, அழிக்க, பெயர் மாற்ற, பட்டியலைப் பார்க்க, அனுமதி வழங்க என்று உரிமைகள் தனித்தனி எழுத்துகளாக இருக்கும். என் கருத்தில் பொது ஃபோல்டர் வேலைக்கு யுனிக்ஸைவிட இது எவ்வளவோ பொருத்தம். உரிமை இல்லாத ஃபோல்டர் கண்ணுக்கே தெரியாது. இந்த வசதி விண்டோஸ் சர்வருக்கு 2005-ல்தான் வந்தது.

விண்டோஸ் 95, 98 பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. இருந்தாலும் ஒன்று சொல்லியாகவேண்டும். அதன் இயல்பான பகிர்வு முறையில் ஆளுக்கு அனுமதி கிடையாது, ஃபோல்டருக்கு ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். அந்தப் பாஸ்வேர்டிலும் எத்தனை எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதை எதிர்ப்பக்கக் கணினியே சொல்லலாம் என்று ஓர் ஓட்டை இருந்தது. ஒரே எழுத்து என்று சொல்லிவிட்டால் முதல் எழுத்தை ஊகித்தாலே போதும். மைக்ரோசாஃப்ட் இதை 2000 அக்டோபரில்தான் அடைத்தது. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி.யில் மட்டும் முறையான அணுகல் பட்டியல் இருந்தது. ஆனால் என்ன, புதிதாக ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் முழு உரிமை என்பதே அதன் இயல்பு. பிறகு 2003 சர்வரில்தான் அது எல்லோரும் படிக்கலாம் என்ற அளவுக்குக் குறைந்தது. இந்த இரண்டு உலகத்தையும் ஒட்டவைத்தது சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற மாணவர் 1991 கடைசியில் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். லினக்ஸ் சர்வரை விண்டோஸ் சர்வர் மாதிரி நடிக்கவைக்கும்.

2001 செப்டம்பர் 18-ல் நிம்டா புழு கிளம்பியபோது அது பரவிய வழிகளில் ஒன்று திறந்துகிடந்த பொது ஃபோல்டர்கள். என்.டி., 2000 கணினிகளில் அது செய்த இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். விருந்தினர் கணக்கை நிர்வாகிகள் குழுவில் சேர்த்தது. சி டிரைவை அப்படியே பகிர்ந்துவிட்டது. அனுமதிகளை உடைக்கவில்லை, தனக்கு வேண்டியபடி எழுதிக்கொண்டது.

இனி கூடங்குளம். அணுமின் நிலையம் இருப்பது திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டம் என்றாலும், அதன் நல்லது கெட்டது எல்லாம் நமக்கும் சேர்த்துத்தான். 2019 அக்டோபர் கடைசியில் அங்கே தீநிரல் புகுந்துவிட்டது என்று இணையத்தில் செய்தி பரவியது. அக்டோபர் 29-ம் தேதி நிலையத்தின் தரப்பில் அதைப் பொய்ச் செய்தி என்றார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் இருந்தது உண்மைதான் என்று அறிக்கை விட்டது. செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் அமைப்பு தகவல் தந்ததாகவும், பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அணு உலையை இயக்கும் உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது, பாதிப்பு இல்லை என்றும் சொன்னது.

அந்தத் தீநிரலின் பெயர் டி-ட்ராக். இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆராய்ச்சி மையங்களிலும் அதைக் கண்டதாக காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே செப்டம்பரில் எழுதியிருந்தது. லாசரஸ் என்ற கும்பலின் வேலை என்பது அவர்கள் முடிவு. ஓடும் நிரல்கள், பிரவுசர் வரலாறு, டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பட்டியல், இவற்றைச் சேகரிப்பது அதன் தொழில். பொதுவெளியில் கிடைத்த மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சேகரித்ததை நெட்வொர்க்குக்குள் இருக்கும் இன்னொரு கணினியின் சி டாலர் பங்குக்கு நகலெடுக்கும் கட்டளை அதில் இருந்தது. நிலையத்தின் பெயர்ச் சுருக்கம் கொண்ட டொமைனின் நிர்வாகி கணக்கும் அதன் பாஸ்வேர்டும் அந்தக் கட்டளைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன.

அதாவது தீநிரலை எழுதியவர்கள் அங்கே ஏற்கெனவே ஒருமுறை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போய், அந்த இடத்துக்கென்றே இதைத் தைத்திருக்கிறார்கள். கோப்பு அனுமதிகள் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கலாம். நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு, சரியான பாஸ்வேர்டோடு ஒருவர் வந்தால் கதவைத் திறக்கவேண்டும் என்பதுதானே விதி. முதல் கேள்விக்கு எவ்வளவு கச்சிதமாகப் பதில் எழுதி வைத்திருந்தாலும், இரண்டாவது கேள்வியில் ஏமாந்தால் தீர்ந்தது.

சி டாலர் என்பது யாரும் உட்கார்ந்து பகிர்ந்தது இல்லை. என்.டி. காலத்திலிருந்தே நிர்வாகிகளின் வசதிக்காக விண்டோஸ் தானாக உருவாக்கும் மறைவான பங்கு அது. பெயரின் கடைசியில் டாலர் குறி இருந்தால் நெட்வொர்க் பட்டியலில் காட்டாது, அதுதான் மறைவு. விஸ்டாவுக்குப் பிறகு சாதாரண உள்ளூர் நிர்வாகிக் கணக்கால் இன்னொரு கணினியிலிருந்து இதற்குள் எளிதில் வர முடியாதபடி செய்தார்கள். டொமைன் நிர்வாகிக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் வீட்டு விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'நெட் ஷேர்' என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு ஃபோல்டரையும் பகிராமல் இருந்தாலும் அது பட்டியலில் நிற்கும்.